சாக்லேட்டுக்கு மென்மை தந்த ரொடோல்ஃப் லிண்ட்

சாக்லேட் என்றால் வாயில் இட்டதும் கரைவது என்பது நம் எல்லோருடைய எண்ணம். சிறு குழந்தையைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கடைகளில் விற்ற சாக்லேட் அப்படிப்பட்டதன்று. அது கடிக்கக் கடினமானது. மெல்லும்போது மணல் போல் பல்லில் நறநறக்கும். கசப்போடு புளிப்பும் சேர்ந்து தொண்டையில் நிற்கும். அந்த முரட்டுக் கட்டியை நாவில் உருகும் இனிய பண்டமாக மாற்றியவர் சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ரொடோல்ஃப் லிண்ட் என்பவர். அவர் பெயர் தாங்கிய சாக்லேட் இன்று உலகமெங்கும் விற்பனையாகிறது. ஆயினும் அவர் பட்ட பாட்டையும், செய்த பிழையையும் அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே. அவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்தின் தலைநகரான பெர்ன் நகரில், 1855-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் லிண்ட் பிறந்தார். தந்தை ஜோஹான் ருடோல்ஃப் லிண்ட் ஒரு மருந்தாளுநர். அக்காலத்து மருந்துக் கடை இன்றைய கடையைப் போன்றதன்று. வேரும் பட்டையும் விதையும் அங்கேயே இடிக்கப்பட்டன, அரைக்கப்பட்டன, நிறுக்கப்பட்டன. பொருளை நுண்ணிய பொடியாக்குவதும், கொழுப்போடு பொடியைக் குழைப்பதும் அன்றாடம் நடக்கும் வேலைகள். இத்தகைய சூழலில் வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் அரைப்பதில் புதுமை கண்டது வியப்பன்று.

அவர் வளர்ந்த காலத்தில் சாக்லேட் சுவிட்சர்லாந்துக்குப் புதிதன்று. 1819-இல் ஃபிரான்சுவா லூயி கையே ஜெனிவா ஏரிக்கரையில் வெவே நகரை ஒட்டி ஆலை தொடங்கியிருந்தார். 1826-இல் ஃபிலிப் சுஷார், 1830-இல் லோசான் நகரில் கோலர் என அடுத்தடுத்துப் பலர் இத்தொழிலில் இறங்கினர். கொக்கோவில் உள்ள கொழுப்பை அழுத்திப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1828-லேயே ஹாலந்து நாட்டில் வான் ஹூட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றுவிட்டனர். 1847-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃப்ரை நிறுவனத்தார் அந்தக் கொழுப்பைச் சேர்த்து, கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை வார்த்தனர். அதற்கு முன்னெல்லாம் சாக்லேட் என்பது பெரும்பாலும் குடிக்கும் பானமே ஆகும்.

லிண்ட் 1873 முதல் 1875 வரை லோசான் நகரில் கோலர் ஆலையில் தொழில் பயின்றார். ஜெர்மன் மொழி பேசும் பெர்னிலிருந்து பிரெஞ்சு மொழி பேசும் லோசானுக்குச் சென்ற அந்த இளைஞர், விதையை வறுப்பது, தோலை நீக்குவது, அரைப்பது, அச்சில் இடுவது ஆகிய அனைத்தையும் கையால் செய்து கற்றார். அவருடைய பயிற்சி முடிந்த அதே 1875-ஆம் ஆண்டில், வெவே நகரில் டேனியல் பீட்டர் என்பவர் சாக்லேட்டோடு பாலைச் சேர்ப்பதில் வெற்றி கண்டார். உலகம் பால் சாக்லேட்டை நோக்கித் திரும்பிய வேளையில், லிண்ட் பால் சேராத கறுப்புச் சாக்லேட்டையே பற்றிக்கொண்டார்.

எரிந்த ஆலையில் தொடங்கிய வாழ்வு

1879-ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயதில், லிண்ட் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெர்ன் நகரின் தாழ்வான பகுதியில் ஆரே ஆற்றை ஒட்டி மாட்டெ என்றொரு பேட்டை உண்டு. ஆற்று நீரை வாய்க்காலில் திருப்பி, அதன் விசையால் ஆலைகளை ஓட்டிய இடம் அது. அங்கே தீவிபத்தில் சேதமுற்ற ஆலைக் கட்டடங்களையும், பழைய வறுகலன் ஒன்றையும், நீர் விசையால் ஓடும் அரைவை இயந்திரத்தையும் அவர் வாங்கினார். புதிய கருவிகள் வாங்க வசதியுள்ள பெரிய முதலாளியாக அவர் அப்போது இல்லை.

தொடக்கம் தோல்வியாகவே அமைந்தது. அவர் வார்த்த கட்டிகள் சில நாட்களில் மேலெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்தன. பூசணம் என்று அஞ்சிய மக்கள் வாங்கத் தயங்கினர். மருந்தியல் கற்ற சகோதரர் ஆகஸ்ட் லிண்ட் காரணம் தேடுவதில் அவருக்குத் துணை நின்றதாகச் சொல்வர். அந்த வெண்மை பூசணமன்று. கொக்கோக் கொழுப்பு சரியான படிகமாக உறையாதபோது, கொழுப்புத் துகள்கள் மேற்பரப்புக்கு வந்து படிவதால் தோன்றுவது அது. ஈரம் மிகுந்தால் சர்க்கரையும் கரைந்து வந்து அதே போல் படியும். இன்று வேதியியல் மாணவர் எவரும் எளிதில் சொல்லிவிடும் இந்த விளக்கம், அன்று ஓர் இளைஞனின் பிழைப்பையே கேள்விக்குறி ஆக்கிய புதிராக இருந்தது.

நிற்காத இயந்திரம்

1879-ஆம் ஆண்டிலேயே அந்தப் பெரும் திருப்பமும் நிகழ்ந்தது. அதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை லிண்ட் இயந்திரத்தை நிறுத்தாமலே ஆலையைவிட்டுச் சென்றுவிட்டாராம். நீர் விசை ஓய்வதில்லை. சனி, ஞாயிறு இரு நாட்களும் இயந்திரம் தன் போக்கில் ஓடியது. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தவர், பொருள் கெட்டிருக்கும் என்று எண்ணித் தொட்டியைத் திறந்தாராம். உள்ளே இருந்தது, பளபளவென்று மின்னிய கரிய குழம்பு. மணம் கமழ்ந்தது, எடுத்து நாவில் வைத்தால் கரைந்தது. மறதியால் நிகழ்ந்தது என்பர் சிலர். வேண்டுமென்றே ஓடவிட்டார் என்பர் வேறு சிலர்.

கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மறதியே ஆயினும், திங்கட்கிழமை காலையில் அந்தக் குழம்பைக் கீழே கொட்டாமல் சுவைத்துப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். அது ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்கவும், மீண்டும் மீண்டும் செய்து உறுதிப்படுத்தவும் பயிற்சி பெற்ற அறிவு தேவைப்பட்டது. லோசானில் கற்ற தொழிலும், மருந்துக் கடையில் கண்டு வளர்ந்த அரைவையும், கட்டி வெளுத்த தோல்வியும் அந்தக் காலைப் பொழுதுக்கு அவரை ஆயத்தப்படுத்தியிருந்தன எனலாம். ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத வண்ணம் தோன்றினால் உடனே குழாயைக் கழுவிவிடும் நாம் இங்கே கற்க வேண்டியது உண்டு.

லிண்ட் அமைத்த தொட்டி நீண்ட வடிவினது. அதன் அடித்தளம் கருங்கல். அதன்மேல் கருங்கல் உருளை முன்னும் பின்னும் ஓயாமல் உருளும். தொட்டியின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கும். உருளை தள்ளும் குழம்பு அந்த வளைவில் மோதி, அலை போல் மடிந்து மீண்டும் விழும். சிப்பியைப் போன்ற அந்த வடிவினால், சிப்பியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து கான்ச் என்ற பெயர் அந்த இயந்திரத்துக்கு வந்தது. எழுபத்திரண்டு மணி நேரம் வரை அது ஓடும்.

கல்லும் வெப்பமும் காற்றும்

மூன்று நாட்கள் ஓடும்போது தொட்டிக்குள் என்னதான் நிகழ்கிறது? இதை அறிய, கொக்கோ விதையின் பயணத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கொக்கோ மரத்தின் காய் அடிமரத்திலேயே காய்க்கும். ஒரு காயில் ஏறத்தாழ 20 முதல் 50 விதைகள் வரை இருக்கும். பச்சை விதையில் சாக்லேட் மணம் சிறிதும் இல்லை. வெண்மையான சதையோடு விதைகளைக் குவித்து மூடி, ஐந்து முதல் ஏழு நாட்கள் புளிக்க விடுவார்கள். அப்போது குவியலின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும்; விதை முளைக்கும் ஆற்றலை இழக்கும்; பின்னால் மணமாக மாறப்போகும் பொருள்கள் உள்ளே உருவாகும். அதோடு வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலமும் விதைக்குள் ஊறிவிடும். பின் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால், விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு இருப்பதால், நீர் சேர்க்காமலே அது குழம்பாகும். ஆனால் அந்த அமிலத்தில் ஒரு பகுதி அப்போதும் எஞ்சி நிற்கும். பழைய சாக்லேட்டின் புளிப்புக்கு அது ஒரு காரணம்.

லிண்ட்டின் தொட்டியில் முதலில் இந்த அமிலமும், எஞ்சிய ஈரமும் வெப்பத்தால் ஆவியாகிக் காற்றோடு போயின. இரண்டாவதாக, ஒட்டித் திரண்டு கிடந்த துகள்கள் கல்லின் உராய்வில் பிரிந்து நுண்மையாயின. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குக்குக் குறைவான துகளை நம் நாக்கு தனியே உணர்வதில்லை. மூன்றாவதாக, ஒவ்வொரு துகளின் மேலும் கொழுப்பு மெல்லிய போர்வையாகப் படிந்தது. லிண்ட் இதற்கென்றே கூடுதலாகக் கொக்கோக் கொழுப்பையும் தொட்டியில் சேர்த்தார். அதனால் குழம்பு நீர் போல் ஓடிற்று. அதுவரை சாக்லேட் மாவைப் பிசைந்து கையால் அச்சில் அழுத்த வேண்டியிருந்தது. லிண்ட்டின் சாக்லேட்டையோ அச்சில் ஊற்றினாலே போதும். உருகும் சாக்லேட் என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் ஷோகோலா ஃபோந்தான் என்று அதற்குப் பெயரிட்டார்.

விதை பழையது, சர்க்கரை பழையது, கொழுப்பைப் பிரிக்கும் முறையும் அரை நூற்றாண்டுப் பழமை உடையது. லிண்ட் புதிதாகச் சேர்த்தது பொறுமை ஒன்றே. மற்றவர்கள் அரைத்து முடித்துவிட்டதாக எண்ணிய இடத்தில் அவர் இன்னும் மூன்று நாள் அரைத்தார்.

மறைத்து வைத்த செல்வம்

லிண்ட்டின் சாக்லேட்டுக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. பெர்ன் நகரில் இனிப்புக் கடை நடத்திய ஜான் டோப்ளர் என்பவர் அதை வாங்கி விற்றார். கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க இயலாத அளவுக்குத் தேவை பெருகியது. ஆயினும் லிண்ட் தம் சிறிய ஆலையைப் பெரிதாக விரிவுபடுத்தவில்லை. தம் முறையையும் எவருக்கும் சொல்லவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த இரகசியம் மாட்டெப் பேட்டையின் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. மற்ற ஆலைக்காரர்கள் அவருடைய கட்டியை வாங்கிச் சுவைத்தார்கள். என்ன சேர்த்திருக்கிறார் என்று ஆராய்ந்தார்கள். சேர்க்கப்பட்டது நேரம் என்பதைப் பண்டத்தைப் பார்த்து எவ்வாறு அறிய முடியும்?

அவரைப் பேராசைக்காரர் என்று எளிதில் பழித்துவிடலாகாது. 1879-இல் சுவிட்சர்லாந்து நாடு முழுமைக்குமான காப்புரிமைச் சட்டம் இல்லை. அது 1888-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. புதியது கண்டவனுக்கு அன்று வாய்மூடி இருப்பதைத் தவிர வேறு காப்பு இருக்கவில்லை. ஆனால் இரகசியத்தைக் காத்தவருக்கு, வாங்குவோரின் தேவையை நிறைவேற்றும் மனம் மட்டும் வரவில்லை. கேட்ட சரக்குக் கிடைக்காததால் டோப்ளர் 1899-இல் தாமே ஓர் ஆலையைத் தொடங்கினார். அவருடைய மகன் தியோடோர் காலத்தில், 1908-இல், அந்த ஆலையிலிருந்துதான் முக்கோண வடிவான டோப்ளரோன் சாக்லேட் பிறந்தது. விற்றுத் தந்தவரே போட்டியாளராக மாறிய கதை இது.

விற்பனையும் வழக்கும்

ஜூரிச் நகரில் ஸ்ப்ருங்லி குடும்பத்தார் 1845 முதல் கட்டிச் சாக்லேட் செய்து வந்தனர். அக்குடும்பத்து ஜோஹான் ருடோல்ஃப் ஸ்ப்ருங்லி, ஜூரிச் ஏரிக்கரையில் கில்க்பெர்க் என்னும் ஊரில் 1899-இல் பெரிய ஆலையைக் கட்டி முடித்தார். அவரிடம் ஆலை இருந்தது; முதல் இருந்தது; மென்மையின் இரகசியம் மட்டும் இல்லை. லிண்ட்டிடம் இரகசியம் இருந்தது. பெருக்கும் மனம் இல்லை. அதே ஆண்டில் இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஆலை, செய்முறை, பெயர் ஆகியவற்றை லிண்ட் 15 லட்சம் தங்க ஃபிராங்குகளுக்கு விற்றார். அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை. இரு பெயர்களும் இணைந்து லிண்ட் அண்டு ஸ்ப்ருங்லி நிறுவனம் தோன்றியது.

விற்ற பின்பும் பெர்ன் ஆலைப் பொறுப்பில் லிண்ட் குடும்பத்தார் நீடித்தனர். இருபது ஆண்டுகள் தம் விருப்பப்படி நடத்திய ஆலையில் பிறர் சொற்படி இயங்குவது அவருக்கு எளிதாக இல்லை போலும். பூசல் முற்றியது. சில ஆண்டுகளில் லிண்ட் குடும்பத்தார் விலகினர். சகோதரர் ஆகஸ்ட்டும், உறவினர் வால்ட்டரும் பெர்ன் நகரிலேயே தனியே சாக்லேட் ஆலை அமைத்தனர். லிண்ட் என்ற பெயர் இப்போது இரு ஆலைகளின் கட்டிகளிலும் இருந்தது. பெயரை விலைகொடுத்து வாங்கியவர்கள் நீதிமன்றம் சென்றனர்.

அவ்வழக்கின் முடிவைக் காண லிண்ட் இருக்கவில்லை. 1909-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், தம் 53-ஆம் வயதில், பிறந்த பெர்ன் நகரிலேயே அவர் மறைந்தார். வழக்கோ 1920-களின் பிற்பகுதி வரை நீண்டது. இறுதியில் போட்டி ஆலை மூடப்பட்டது. இதற்கிடையே கான்ச் இயந்திரம் நாடெங்கும் பரவி, கடல் கடந்தும் சென்றுவிட்டது. எவர் பெயரைக் காக்க வழக்காடினார்களோ, அவருடைய இரகசியம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

நம் வீட்டுக் கிரைண்டரும் லிண்ட்டும்

இந்த இடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின், அமெரிக்காவில் விதையிலிருந்து தொடங்கி வீட்டிலேயே கறுப்புச் சாக்லேட் செய்ய விரும்பியோர் பலர் தோன்றினர். ஆலை இயந்திரங்களோ மிகப் பெரியவை, விலை மிகுந்தவை. மணிக்கணக்கில், நாள்கணக்கில் அரைக்கும் சிறு கருவியைத் தேடியவர்கள் இறுதியில் கண்டெடுத்தது எது தெரியுமா? நம் ஊரில் இட்லிக்கும் தோசைக்கும் மாவரைக்கும் மேசைக் கிரைண்டர்! கோவையில் 1950-களில் பிறந்த கிரைண்டரின் வழிவந்த சிறு கருவி அது. கருங்கல் தளமும், அதன்மேல் சுழலும் கருங்கல் உருளைகளும் அதிலும் உண்டு. லிண்ட்டின் தொட்டியில் முன்னும் பின்னும் சென்ற கல், இங்கே வட்டமாகச் சுற்றுகிறது. வேற்றுமை அவ்வளவே.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. ஆகவே ஆர்வமுள்ள மாணவர்கள் லிண்ட்டின் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். புளிக்கவைத்து உலர்த்திய விதை ஒரு கிலோ எடுத்து, 120 முதல் 140 டிகிரி வெப்பத்தில் இருபது, முப்பது நிமிடம் வறுக்க வேண்டும். ஆறியதும் நொறுக்கி, முறத்தில் இட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும். ஏறத்தாழ முக்கால் கிலோ பருப்பு மிஞ்சும். 700 கிராம் பருப்புக்கு 300 கிராம் சர்க்கரை என்பது நல்ல அளவு. கிரைண்டரில் ஒரு துளி ஈரமும் இருத்தல் கூடாது. நீர் பட்டால் குழம்பு இறுகிக் கட்டியாகிவிடும். சற்றே சூடாக்கிய பருப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, அது இளகிய பின் பொடித்த சர்க்கரையைச் சேர்த்து, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை ஓடவிட வேண்டும். மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் புளிப்பு ஆவியாகிப் போகும். நாலு மணி நேரத்தில் ஒருமுறையும், மறுநாள் காலையில் ஒருமுறையும் சுவைத்துப் பார்ப்பவர், லிண்ட் கண்ட வேற்றுமையைத் தம் நாவிலேயே காண்பர்.

பிறகு குழம்பை 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கிளறிக்கொண்டே 27 அல்லது 28 டிகிரிக்குக் குளிர்வித்து, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்குக் கொணர்ந்து அச்சில் ஊற்ற வேண்டும். அப்போதுதான் கொழுப்பு உரிய படிகமாக உறையும், கட்டி பளபளக்கும், உடைத்தால் டக்கென்று ஒலிக்கும். இதைச் செய்யத் தவறினால், இளம் லிண்ட்டைக் கலங்கச் செய்த அதே சாம்பல் பூச்சு நம் கட்டியிலும் படியும்.

முடிவுரை

லிண்ட்டின் வாழ்வை எண்ணும்போது இரு வேறு மனிதர்களைக் காண்கிறோம். ஒருவர், எரிந்த ஆலையில் பழைய இயந்திரங்களோடு தொடங்கி, தோல்விக்கு அஞ்சாமல், மற்றவர்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல் உழைத்தவர். மற்றவர், கண்டதைக் கதவடைத்துக் காத்து, விற்ற பின்னும் விட மனமின்றி, பூசலில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர். முதல்வரை நாம் பின்பற்ற வேண்டும். இரண்டாமவரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் மறைத்த முறை இன்று எவருக்கும் மறைவன்று. பெர்னிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், ஒரு சமையலறையின் மூலையில், மாவரைக்கும் கல்லில் அதைச் செய்து பார்க்கலாம். அறிவைப் பூட்டி வைக்கலாம். நெடுங்காலம் பூட்டி வைக்க இயலாது. ஆனால் அந்த அறிவைப் பெற அவர் செலவிட்ட பொறுமையை மட்டும் எவரும் விலைகொடுத்து வாங்க முடியாது. ஒவ்வொருவரும் தாமே முயன்று பெற வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் மாணவ நண்பர்கள், அடுத்த முறை ஒரு துண்டுச் சாக்லேட்டை வாயில் இடும்போது, அது கரையும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் மூன்று நாள் ஓடிய கல்லை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்களாக!